கோல்டன்ராட் பூக்கும் மலையில்: ஒரு வண்டைத் தேடி

வெள்ளி, லூரே

ஸ்கைலைன் டிரைவ் சாலையில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. வர்ஜீனியாவின் ஃப்ரண்ட் ராயலில் தொடங்கி, ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் மலை முகட்டிலேயே 105 மைல், கிட்டத்தட்ட 169 கிலோமீட்டர், ஓடுகிற சாலை. சீக்கிரம் போக வேண்டியவர்களுக்குக் கீழே பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை இருக்கிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டே போக வந்த எங்களுக்கு இந்த வேகம் தோதாக இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கு, வடக்கு வர்ஜீனியாவில் குடியிருக்கும் அக்காவுக்கு, அத்தானுக்கு, ஒன்பதாவது படிக்கும் அவர்கள் பையனுக்கு.

இந்த மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அக்டோபரில், இலைகள் சிவக்கும்போது வருவார்கள். நான் செப்டம்பரில்தான் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். காரணம் ஒரு வண்டு. இங்கே அதை லோகஸ்ட் போரர் என்கிறார்கள், அறிவியல் பெயர் மெகசிலீன் ரொபினியே. நீள்கொம்பு வண்டுக் குடும்பம். ஏறக்குறைய வருடம் முழுக்க மரத்துக்குள் புழுவாகக் கிடந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வெளியே வந்து, கோல்டன்ராட் பூவில் உட்கார்ந்து மகரந்தம் தின்னும். பூ மஞ்சள், வண்டும் மஞ்சளும் கறுப்பும். அது பூவுக்குள் எப்படி மறைகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கார் மேலே ஏற ஏற, சரிவுகளில் அங்கங்கே மரங்கள் பழுப்பாகத் தெரிந்தன. சுற்றிலும் எல்லாம் பச்சை, நடுவில் மட்டும் கருகின மாதிரி திட்டுத்திட்டாக.

“அதுக்குள்ள இலை உதிர ஆரம்பிச்சிருச்சா தம்பி?” என்றார் அக்கா.

அது பருவம் மாறுவதால் வந்த பழுப்பு இல்லை. அந்த மரம்தான் பிளாக் லோகஸ்ட். அதன் இலைக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும் இன்னொரு குட்டி வண்டு உண்டு. அதன் பாதிப்பால் கோடை முடிவதற்குள் இலைகள் பழுத்துக் கருகிவிடும். அப்பலாச்சிய மலைகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் பயணம் செய்தவர்கள் இந்தப் பழுப்பைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும் மரம் பெரும்பாலும் சாகாது, அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.

எனக்கு அந்தப் பழுப்பு பெரிய உதவி. நான் தேடி வந்த வண்டின் புழு வளர்வது இந்த ஒரு மரத்தில்தான். பழுப்பு எங்கேயோ அங்கே லோகஸ்ட் மரம். லோகஸ்ட் மரத்துக்குப் பக்கத்தில் கோல்டன்ராட் பூத்திருந்தால் வண்டு இருக்க நல்ல வாய்ப்பு. வழி நெடுக பையன் மொபைல் வரைபடத்தில் பழுப்புத் திட்டுகளைக் குறித்துக்கொண்டே வந்தான்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. லூரேயில் ஒரு பண்ணை வீட்டில் அறை எடுத்திருக்கிறோம். அக்கா கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சனி, பிக் மெடோஸ்

தார்ன்டன் கேப் வழியாக மறுபடி மேலே ஏறி, 51-வது மைல் கல்லில் இருக்கும் பிக் மெடோஸுக்குப் போனோம். மலை உச்சியில் மரமில்லாத பெரிய புல்வெளி. 1936 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்தப் பூங்காவை மக்களுக்கு அர்ப்பணித்தது இங்கேதான். புல்வெளி தானாக இப்படி நிற்பதில்லை. விட்டால் சில வருடங்களில் காடு மூடிவிடும். பூங்காக்காரர்கள் முறை வைத்துப் புல் வெட்டியும், பக்குவமாகத் தீ வைத்தும் திறந்த வெளியாகவே வைத்திருக்கிறார்கள். ஓரத்திலிருந்து உள்ளே நுழையப் பார்க்கும் மரங்களில் பிளாக் லோகஸ்ட்டும் ஒன்று. வேரிலிருந்து கன்று விட்டுப் பரவுகிற மரம் அது.

காலையில் பனிமூட்டம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் செப்டம்பரிலேயே ஸ்வெட்டர் தேவைப்பட்டது. மூட்டம் கலையக் கலைய ஓரம் முழுக்க மஞ்சள்.

அக்கா காரை விட்டு இறங்க யோசித்தார். இந்தப் பூவால்தான் இங்கே எல்லோருக்கும் தும்மலும் கண் எரிச்சலும் வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாவம், கோல்டன்ராட் மேல் வீண் பழி. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும், காற்றில் பறக்காது. பூச்சி வந்து எடுத்துப் போனால்தான் உண்டு. அதே சமயத்தில் கண்ணுக்கே தெரியாத பச்சைப் பூவாக ராக்வீட் என்ற களைச்செடி பூக்கிறது. காற்றில் மகரந்தத்தை அள்ளிவிடுவது அதுதான். பளிச்சென்று இருப்பது கோல்டன்ராட், மாட்டிக்கொள்வதும் அதுதான். கென்டக்கியும் நெப்ராஸ்காவும் தங்கள் மாநில மலராக வைத்திருக்கும் பூவுக்கு இந்த நிலை. சொன்ன பிறகு அக்கா இறங்கி வந்துவிட்டார்.

நம் ஊர் பூக்கடைகளில் பொக்கேக்குள் இடம் நிரப்பச் செருகும் மெல்லிய மஞ்சள் பூ இந்த இனம்தான். அங்கே ஓரத்துக்குப் போவது இங்கே மலையையே பிடித்திருக்கிறது. ஒரு தண்டின் உச்சியில் கிளை கிளையாக, ஒவ்வொரு கிளையிலும் வரிசையாகக் குட்டிப் பூத்தலைகள். ஒன்று சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சாமந்தி, சூரியகாந்திக் குடும்பம் என்பதால் அந்தக் குட்டித் தலைக்குள்ளும் பல பூக்கள். தலைகளுக்கு இடையே நிழல் விழுந்த இடைவெளிகள். தள்ளி நின்று பார்த்தால் ஒரே மஞ்சள். குனிந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வருகிற துணுக்குகள். இந்த இடைவெளிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டு வரும்போது வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது வண்டு இல்லை. ஒரு தேனீ பூவின் அடியில் அசையாமல் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் போனால், அதன் கழுத்தைக் கவ்வியபடி மஞ்சள் நண்டுச் சிலந்தி. வெள்ளைப் பூவில் உட்கார்ந்தால் வெள்ளையாகவும், மஞ்சள் பூவில் உட்கார்ந்தால் பல நாள் எடுத்துக்கொண்டு மஞ்சளாகவும் மாறக்கூடியது இந்தச் சிலந்தியின் பெண். இன்னொரு தண்டில் பதுங்கி வேட்டையாடும் ஒரு நாவாய்ப்பூச்சி, மஞ்சள் உடம்பில் பழுப்புப் பட்டையுடன். ஒரே செடியில் தின்ன வந்தவர்களும் அவர்களைத் தின்ன வந்தவர்களும் ஒரே நிறத்தில் இருக்கிறார்கள்.

பிறகு பையன் கூப்பிட்டான். “மாமா, இங்க வாங்க. இந்தக் குளவி ஏன் பறக்கவே மாட்டேங்குது?”

அது குளவி இல்லை. நான் தேடி வந்தது.

குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வெல்வெட் கறுப்பு உடம்பின் குறுக்கே மஞ்சள் பட்டைகள். இறக்கை உறை மேல் வரும் ஒரு பட்டை மட்டும் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து, ஆங்கில ‘டபிள்யூ’ வடிவத்தில். கால்கள் செம்பழுப்பு. உணர்கொம்பு இந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் குட்டைதான், உடம்பு நீளத்தைத் தாண்டாது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: அந்த மஞ்சள், ஓட்டின் நிறம் இல்லை. நெருக்கமாகப் படிந்த மெல்லிய முடிகளின் நிறம். பக்கத்துத் தண்டில் இருந்த இன்னொரு வண்டுக்கு முதுகில் முடி தேய்ந்து, பட்டைகள் அங்கங்கே விட்டுப்போயிருந்தன. அது நம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டை முழுசாக இருப்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். முழு மஞ்சளாக இருந்திருந்தால் பூவின் மேல் ஒரு திட்டாகத் தெரிந்திருக்கும். முழுக் கறுப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வண்டில் மஞ்சள் பட்டை பூத்தலையோடு சேர்ந்துவிடுகிறது, கறுப்புப் பட்டை தலைகளுக்கு நடுவில் இருக்கும் நிழலோடு சேர்ந்துவிடுகிறது. உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் கோடு கிடைக்கவில்லை. தலையும் கொம்பும் பூவுக்குள் புதைந்திருக்க, அதன் முகமெல்லாம் மஞ்சள் தூள் அப்பிய மாதிரி மகரந்தம்.

தூரத்தில் ஒளித்து வைக்கிற அதே பட்டை, கிட்டே வந்தால் பயமுறுத்துகிறது. யெல்லோ ஜாக்கெட் எனப்படும் குளவிகள் இந்த மாதத்தில் இதே பூக்களில் மொய்க்கும், அவையும் கறுப்பு மஞ்சள் பட்டைதான். ஒரு முறை கொட்டு வாங்கிய பறவை அந்த நிறத்தைத் தொட யோசிக்கும். வண்டுக்குக் கொடுக்கு கிடையாது. நிறம் மட்டும் இருக்கிறது. பையனே குளவி என்றுதானே நினைத்தான்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது, வண்டுகளுக்கு உயிர் வந்துவிட்டது. ஆண்கள் பூ மேல் விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தன. பெண்ணுக்கு ஒரு விரல் அகலத்தில் கடந்து போகும், கண்டுகொள்ளாது. கொம்பு தற்செயலாகப் பெண்ணின் மேல் பட்ட நொடியில் திரும்பி ஏறிவிடும். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். பெண்ணின் உடம்பு மேல் மெழுகாகப் படிந்திருக்கும் பென்டகோசீன் வகைப் பொருள்தான் அடையாளம். இறந்த பெண் வண்டிலிருந்து மெழுகைக் கழுவி எடுத்துவிட்டால் ஆண் சீண்டாது, அந்தப் பொருளை மட்டும் மறுபடி தடவி வைத்தால் ஏறிவிடும். படித்தது ஞாபகத்தில் இருந்தாலும், கண் முன்னால் ஓர் ஆண் வண்டு பெண்ணை உரசாமல் நாலைந்து தடவை தாண்டிப் போனதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நம் கண்ணுக்கு மறைவது மட்டும் இல்லை, இந்தப் பூவுக்குள் அதன் சொந்த ஜோடிக்கே அது மறைந்துதான் இருக்கிறது போல.

மதியம் அத்தான் பசியைச் சொல்லிக் கிளப்பினார். மொனார்க் பட்டாம்பூச்சிகள் சில அதே பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்தன, மெக்சிகோ போகிற வழியில். அவற்றுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

ஞாயிறு, பண்ணையில்

தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் தொட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. அதனால் இன்று பண்ணையிலேயே இருந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக லோகஸ்ட் மரங்கள், நடுவில் ஆள் உயர கோல்டன்ராட். இதைவிட நல்ல இடம் எனக்கு வேண்டாம்.

பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். வேலிக் கம்பங்களைத் தட்டிக் காட்டினார். எல்லாம் லோகஸ்ட். அவர் அப்பா காலத்தில் நட்டவை சில இன்னும் மண்ணுக்குள் உளுக்காமல் நிற்கின்றனவாம். நம்பக்கூடியதுதான். இந்த மரத்தின் வைரத்தில் பூஞ்சையை அண்டவிடாத ஃபிளேவனாய்டு பொருட்கள் நிறைய. மருந்து ஊற வைக்காமலே பல பத்தாண்டுகள் தாங்கும். அந்தக் காலத்தில் கப்பல் பலகைகளை இணைக்கும் மர ஆணிகளை இதில்தான் செதுக்கினார்கள். இலையைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. நம் ஊர் வரப்போரம் வேலிக்கு வைக்கும் கிளிரிசிடியாவுக்கு நெருங்கிய உறவு, அதே போல் வரிசை இலை, அவரைக் குடும்பத்துப் பூ, வேரில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும் குணம்.

“நல்ல மரம். ஆனா அந்தப் பூச்சி விடாது,” என்றார் பெரியவர். உள்ளே புழு குடைந்த ஒரு கட்டையையும் கொண்டுவந்து காட்டினார். நடுவில் தாறுமாறாக ஓட்டைகள், ஓட்டையைச் சுற்றிக் கறுத்த மரம்.

பூவிலிருந்து ஒரு வண்டை மெதுவாக இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்தேன். உடனே கீச்சென்று சத்தம் போட்டது. பையனின் காது அருகே கொண்டுபோனேன், விரலிலும் லேசான அதிர்வு தெரிந்தது. முன் மார்பின் விளிம்பை அதற்குப் பின்னால் இருக்கும் கண்டத்தின் மேல் தேய்த்து எழுப்புகிற சத்தம். நீள்கொம்பு வண்டுகள் பலவும் பிடிபட்டால் இப்படித்தான் கத்தும். தலையை மேலும் கீழும் ஆட்டுவது போல இருக்கும், அந்த ஆட்டம்தான் சத்தம். விட்டதும் ஓடிப்போய்ப் பூவுக்குள் நுழைந்துகொண்டது. எங்கே நுழைந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தும் அடுத்த நிமிஷம் எங்களால் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பெண் வண்டுகள் பூவை விட்டுவிட்டு மரத்துக்கு வந்தன. மரப்பட்டையின் மேல் ஏறி இறங்கி, வெடிப்பு ஒவ்வொன்றிலும் வால் நுனியை விட்டுப் பார்க்கும். பிடித்த இடத்தில் முட்டை வைக்கும், நகரும். கறுத்த, சொரசொரப்பான பட்டை மேல் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. பத்தடி தள்ளி நின்ற அக்காவே எண்ண ஆரம்பித்துவிட்டார். பூவில் அவ்வளவு நேர்த்தியாக மறைத்த அதே உடை, மரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த நேரத்தில் அதைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது குளவி வேஷம் ஒன்றுதான்.

முட்டை சீக்கிரமே பொரிந்துவிடும். புழு பட்டைக்கு அடியில் சின்ன அறை குடைந்து குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் மொட்டு விடும் சமயம் மரத்துக்குள் இறங்கும். அப்போது பட்டையில் ஈரம் கசிந்து தெரியும், மரத்தூள் வெளியே தள்ளும். கோடையில் உள்ளேயே கூட்டுப்புழு. ஆகஸ்ட் கடைசியில் ஓட்டை வழியாக வண்டு வெளியே வரும்போது வெளியில் கோல்டன்ராட் பூத்திருக்கும். இது வருடம் தவறாமல் நடக்கிறது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானதாக இருக்கும். முந்திரியின் தண்டையும் வேரையும் துளைத்து மரத்தையே சாய்க்கும் புழுவும் நீள்கொம்பு வண்டின் புழுதான். நான் அந்த நஷ்டத்தைச் சின்னதாக நினைக்கவில்லை. அதனால் இந்தப் பெரியவரின் கோபமும் எனக்குப் புரிகிறது. ஓட்டை வழியாக உளுப்புப் பூஞ்சையும் நுழைந்துவிட்டால், கம்பத்துக்கு என்று வளர்த்த மரம் காற்றில் ஒடிந்து விழும்.

ஆனாலும் இந்த வண்டைக் கெட்டது என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல மண்ணில் வேகமாக வளரும் லோகஸ்ட் மரம் பெரும்பாலும் தாங்கிவிடும். அடி வாங்குவது வறட்சியிலும் வளமில்லாத மண்ணிலும் நலிந்து நிற்கும் மரம். அப்பலாச்சியா, ஓசார்க் மலைகளுக்கு மட்டும் சொந்தமாக இருந்த மரத்தை வேலிக் கம்பத்துக்காக நாடு முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள். நிலக்கரிக்காகத் தோண்டிப் போட்ட வெறும் மண்ணில் கூட்டம் கூட்டமாக நட்டார்கள். வண்டு பின்னாலேயே போனது, அங்கேதான் பெரிய சேதம். மரம் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸுக்குப் போய்விட்டது. அதை வளர்த்த அரச தோட்டக்காரர் ழான் ரொபேன் பெயரால்தான் ரொபினியா என்றானது. இன்று ஹங்கேரியின் காடுகளில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்த மரம்தான். இந்த வண்டு அங்கே போய்க் குடியேறவில்லை.

பெரியவரிடம் கோல்டன்ராட்டை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். தேனீக்களுக்குக் குளிர்காலத்துக்கு முன் கிடைக்கும் கடைசித் தீனி, அதை எப்படி வெட்டுவது என்றார். வேலியோரம் தேன் பெட்டிகள் வைத்திருக்கிறார்.

திங்கள், ஹம்ப்பேக் ராக்ஸ்

இன்று தெற்கே இறங்கி, ராக்ஃபிஷ் கேப்பில் ஸ்கைலைன் டிரைவ் முடிந்து ப்ளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்கும் இடம் வரை வந்தோம். அங்கிருந்து ஆறு மைலுக்குள் ஹம்ப்பேக் ராக்ஸ். மலைவாசிகளின் பழைய பண்ணை ஒன்றை மரவேலியோடு மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள். பாறை வரை ஏறுவது செங்குத்து. அத்தான் கீழேயே இருந்துவிட்டார். மேலே போன எங்களுக்கு ஷெனண்டோவா பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது.

இறங்கும்போது பையன் ஒரு கேள்வி கேட்டான். “அந்த டிசைன் பூவுக்காகவே வந்ததா மாமா?”

நல்ல கேள்வி. இந்த வண்டுக்கு அச்சு அசலாக ஒரு இரட்டை உண்டு. ஹிக்கரி மரத்தைத் துளைக்கும் மெகசிலீன் கேரியே. அதே கறுப்பு, அதே மஞ்சள் பட்டைகள், அதே ‘டபிள்யூ’. நிபுணர்களே உற்றுப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆனால் அது வெளியே வருவது வசந்தத்தில். அப்போது மலையில் ஒரு கோல்டன்ராட் கூடப் பூத்திருக்காது. மறைய மஞ்சள் பூ இல்லாதபோதும் அதே உடை இருக்கிறது என்றால், முதலில் வந்தது குளவி வேஷமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பர் வாய்த்தது, செப்டம்பரில் இந்தப் பூ வாய்த்தது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒருவேளை இலையுதிர் காலத்து வண்டாக இருந்திருக்கலாமே என்கிறான். அதுவும் சரியான வாதம். கார் வரும் வரை பேசிக்கொண்டே வந்தோம்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: செப்டம்பரில், முதல் உறைபனி விழுவதற்கு முன்னால் வாருங்கள். வண்டைக் காண வேண்டுமானால், பழுத்துக் கருகிய லோகஸ்ட் மரங்களுக்கு ஓரமாகப் பூத்திருக்கும் கோல்டன்ராட்டைத் தேர்ந்தெடுங்கள். காலையில் குளிர் விடுவதற்குள் போனால் அது அசையாது, படம் எடுக்க வசதி, கண்டுபிடிக்கத்தான் நேரமாகும். அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் பத்து மணிக்கு மேல். முட்டை வைப்பதைப் பார்க்க, வெயில் சாய்ந்த பிறகு பூவை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விடுங்கள். பூங்காவுக்குள் கையில் எடுக்க வேண்டாம். ஒரு சின்ன லென்ஸ் போதும், அந்த மஞ்சள் முடிகள் அதிலேயே நன்றாகத் தெரியும்.